மழையில் மட்டும் தூங்கும் சிலிண்டர்

மாணவர்களே, அப்பா காலையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது அதன் சத்தத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? நல்ல இன்ஜின் ஒரே தாளத்தில் ஓடும். அந்தத் தாளத்தில் இடையிடையே ஓர் அடி விட்டுப்போனால், "மோட்டார் மிஸ் ஆகுது" என்கிறோம். சிலிண்டருக்குள் எரிய வேண்டிய கலவை எரியாமல் வெளியேறுகிறது என்பதே அதன் பொருள்.

நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இது சின்ன விஷயமன்று. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில், விடியும் முன்னரே செம்பனை வேலைக்குக் கிளம்புவோர் பலருக்குக் கப்சாய்தான் கால். அது வழியில் நின்றுவிட்டால் அன்றைய கூலியும் போய்விடும். பட்டறைக்குக் கொண்டுபோனால், எது பழுது என்று தெரியாமலே ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணம் கரையும். எனக்கும் அப்படிக் கரைந்தது. வகுப்பில் பரிசோதனை, மாறி, கருதுகோள் என்று பாடம் நடத்தும் நானே என் அவசர முடிவால் ஏமாந்தேன். அந்தக் கதையையும், அதைத் தீர்த்து வைத்த பெரியவர் ஒருவர் காட்டிய முறையையும் இந்த வாரம் பார்ப்போம்.

நொடிக்கு 50 முறை

முதலில் இன்ஜினுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வோம். நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது நான்கு வீச்சு இன்ஜின். முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கிப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கும். இரண்டாவதில் மேலே ஏறி அதை அமுக்கும். அப்போது ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட, கலவை எரிந்து விரிவடைந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். இது மூன்றாவது வீச்சு. நான்காவதில் பிஸ்டன் மீண்டும் ஏறிப் புகையை வெளியேற்றும்.

இந்த நான்கு வீச்சும் முடிய, கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும். அதாவது, ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தீப்பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் ஓடும் இன்ஜினில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 3,000 முறை எரிகிறது. 60ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 50 முறை!

ஒவ்வொரு முறையும் மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். ஒன்று, அளவான கலவை. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இரண்டு, போதிய அமுக்கம். மூன்று, சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி. இவற்றில் எது குறைந்தாலும் சிலிண்டர் மிஸ் ஆகும்.

மூன்றில் தொடக்கக் காலப் பொறியாளர்களை அதிகம் பாடுபடுத்தியது தீப்பொறிதான். 1886இல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற ஜெர்மானியரான கார்ல் பென்ஸ், தீமூட்டலைச் 'சிக்கல்களின் சிக்கல்' என்றே அழைத்தார். 1902இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனால்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதனோடு இயங்கும் ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அதற்கும் அடிப்படை, 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். இன்றும் அதே தத்துவம்தான். காயிலுக்குள் குறைந்த சுற்றுகள் கொண்ட ஒரு கம்பிச் சுருளும், மிக அதிகச் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். முதல் சுருளில் காந்தப்புலம் திடீரென்று மாறும்போது, இரண்டாவது சுருளில் 20,000 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் எழக்கூடும். 12 வோல்ட் மின்கலத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு!

ஒன்றா, இரண்டா?

கப்சாய்களில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர்தான். ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வகையின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தொட்டது. அதுவும் ஒற்றைச் சிலிண்டர். கெடா மாநிலத்தின் குரூணில் உருவான நம் நாட்டு மொடேனாஸ் கிரிஸும் ஒற்றைச் சிலிண்டர்தான். பெரிய மோட்டார் சைக்கிள்களில் இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர்கள்கூட உண்டு. சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650 வகைகள் இரட்டைச் சிலிண்டர் கொண்டவை.

ஒற்றைச் சிலிண்டர் எரியாவிட்டால் வண்டி குலுங்கும், அல்லது நின்றே போகும். இரட்டைச் சிலிண்டரில் கதை வேறு. ஒன்று தூங்கினாலும் மற்றொன்று வண்டியை இழுத்துக்கொண்டு போகும். தூங்கும் சிலிண்டரின் பிஸ்டனையும் சேர்த்தே அது இழுக்க வேண்டும் என்பதால் வேகம் வெகுவாகக் குறையும். வண்டி நிற்காததால், பழுது எங்கே என்பது எளிதில் புலப்படாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாளம் சீராக இல்லாத ஒவ்வோர் இன்ஜினும் பழுதானதன்று. மேலே சொன்ன 650 இன்ஜினில் கிராங்க் தண்டு 270 பாகை அமைப்பில் உள்ளது. ஒரு சிலிண்டர் எரிந்து 270 பாகை சுழன்றதும் மற்றது எரியும். அடுத்த எரிதலுக்கு 450 பாகை காத்திருக்க வேண்டும். கூட்டினால் 720 பாகை, அதாவது இரண்டு சுற்று. ஆகவே, அதன் இயல்பான சத்தமே நொண்டி நடப்பது போலிருக்கும். நோயாளியை அறியும் முன், நலமாக இருப்பவரை அறிந்திருக்க வேண்டும்.

நான் ஏமாந்த கதை

நான் வாங்கிய பழைய 250 சிசி மோட்டார் சைக்கிள் இரட்டைச் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர், காயில், பிளக். ஓர் அக்டோபர் மாலை, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. திடீரென்று வண்டி பாதி உயிரை விட்டது. முறுக்கினால் வேகம் எடுக்கவில்லை, குலுங்கியது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஹார்ன் அடித்தபடி நெருங்கியது. எப்படியோ சாலை ஓரம் ஒதுங்கினேன். அந்தச் சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் நண்பகல் பட்டறை ஒன்றுக்குப் போனேன். இரண்டு பிளக்கையும் மாற்றினார்கள். வண்டி அருமையாக ஓடியது. 'பிளக்தான் காரணம்' என்று நானும் முடிவு கட்டினேன். பத்து நாள் கழித்து மழை. மீண்டும் அதே தொல்லை. இம்முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மீண்டும் சரியானது. அடுத்த மழையில் மீண்டும் மிஸ்! அதற்குள் ஏறக்குறைய 300 ரிங்கிட் போயிருந்தது.

எங்கே தவறு? பிளக்கை மாற்றிய பின் வண்டி சரியானது உண்மை. ஆனால், பிளக்கை மாற்றியதால்தான் சரியானதா? அந்த இரண்டு முறையும் மறுநாள் வெயிலில் வண்டி காய்ந்திருந்தது. எதையுமே தொடாமல் விட்டிருந்தாலும் அது ஓடியிருக்கும். ஒன்றன்பின் ஒன்று நடப்பதால் முன்னது காரணம், பின்னது விளைவு என்று ஆகிவிடாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் இப்படி எழுதியிருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

பெரியவர் கேட்ட மூன்று கேள்விகள்

என் மாணவன் ஒருவன், "எங்க தாத்தாகிட்ட காட்டுங்க சார்" என்றான். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர், லோரி எல்லாம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்த மழை பெய்த மாலையே, குலுங்கிக் குலுங்கி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார்: "எப்ப மிஸ் ஆகுது, வாத்தியாரே? எப்ப ஆகல? கடைசியா எதைக் கழற்றினீங்க?" மழையில் மட்டும் ஆகிறது, மெதுவாக ஓடும்போது குறைவு, முறுக்கினால் அதிகம் என்றேன். துடைக்கத் துணி எடுத்த என்னைத் தடுத்தார். "துடைச்சிடாதீங்க. நோவு இருக்கும்போதுதான் பார்க்கணும்."

இன்ஜினை ஆறவிட்டார். பிறகு கிளப்பி, அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். ஒரு குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து, இரண்டு புகைக்குழாய்களின் மேற்பகுதியிலும் துளித்துளியாகத் தெளித்தார். வலப்பக்கக் குழாயில் 'சுர்' என்று ஆவியானது. இடப்பக்கத்தில் தண்ணீர் அப்படியே வழிந்தது. எரியாத சிலிண்டரின் குழாய் சூடேறுமா? எந்தச் சிலிண்டர் தூங்குகிறது என்பது ஒரு காசு செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

"பக்கத்திலேயே நல்லது ஒன்னு ஓடுது. அதை வெச்சே கெட்டதைக் கண்டுபிடிச்சிடலாம்" என்றார். அதன்பின் அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

முதலில் இரண்டு பிளக்கின் மேலும் மாட்டியிருந்த பிளக் கேப்புகளைக் கழற்றினார். இடப்பக்கப் பிளக் அமர்ந்திருந்த குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. அது சிலிண்டருக்குள் இறங்காதபடி துணியால் ஒற்றி எடுத்தார். கேப்பை மட்டும் துடைக்கவில்லை. இடது பிளக்கை வலப்பக்கமும், வலது பிளக்கை இடப்பக்கமும் மாற்றிப் போட்டார். கிளப்பினார். மீண்டும் தண்ணீர்த் துளி. இடப்பக்கம்தான் இன்னும் குளிர்ச்சி. பிளக் மாறியும் பழுது இடம் மாறவில்லை. ஆகவே, பிளக் நிரபராதி.

அடுத்து கேப்புகளை மட்டும் இடம் மாற்றினார். இம்முறை இடப்பக்கக் குழாய் 'சுர்' என்றது. வலப்பக்கம் குளிர்ந்து கிடந்தது! பழுது கேப்போடு சேர்ந்து பக்கம் மாறிவிட்டது. குற்றவாளி அகப்பட்டுக்கொண்டது.

உறுதி செய்ய, முன் வாசல் விளக்கை அணைத்தார். இருட்டில், ஓடும் இன்ஜினில் அந்தக் கேப்பின் ஓரமாக மெல்லிய நீல ஒளி நெளிந்தது. நம் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் மின்மினிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதுவும் ஒரு மின்மினி போல்தான் இருந்தது. ஆனால் மின்மினியின் ஒளி வேதிவினையால் வரும் குளிர் ஒளி. இதுவோ, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்து காற்றை ஒளிரச் செய்தது.

ஏன் மழையில் மட்டும்?

கேப்பில் மயிரிழை போன்ற ஒரு விரிசல். காய்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைத் தாங்கியது. அழுக்கோடு கலந்த மழைநீர் விரிசலில் இறங்கியதும், மின்சாரம் போக எளிய பாதை கிடைத்துவிட்டது.

முறுக்கினால் ஏன் அதிகமாக மிஸ் ஆனது? இதற்கும் விடை இயற்பியலில் உண்டு. திறந்த காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். அமுக்கப்பட்ட வாயுவில் மூலக்கூறுகள் நெருக்கமாக இருப்பதால் அதைவிடப் பல மடங்கு வேண்டும். முறுக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை புகுந்து அழுத்தம் கூடுகிறது. தேவைப்படும் மின்னழுத்தமும் கூடுகிறது. அப்போது, பிளக்கைத் தாண்டுவதைவிட விரிசல் வழியே கசிவது மின்சாரத்துக்கு எளிதாகிவிடுகிறது. பிளக்கை வெளியே எடுத்து, "பொறி வருது, பிளக் நல்லாருக்கு" என்று சொல்வது ஏன் போதாது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

பெரியவர் அதோடு விடவில்லை. "தண்ணி ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேங்குச்சு?" என்று கேட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். பிளக் குழியில் விழும் நீர் வடிய, சிலிண்டர் தலையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. வலப்பக்கத் துளை திறந்திருந்தது. இடப்பக்கத் துளையைத் தோட்டச் சாலையின் செம்மண் அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்திவிட, மண் கட்டியாக உதிர்ந்தது. விரிசல் மட்டும் இருந்தால் வண்டி ஓடியிருக்கும். தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தாலும் நல்ல கேப் தாங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் வந்த வினை. புதிய கேப்புக்கு ஆன செலவு 15 ரிங்கிட்டுக்கும் குறைவு.

இது நீங்கள் படித்த பாடம்தான்

தமிழ்ப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறன்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெரியவரின் மூன்று கேள்விகளும் தண்ணீர்த் துளியும் உற்றறிதல். 'பிளக்தான் காரணமாக இருக்கலாம்' என்பது கருதுகோள். பிளக்கை மட்டும் மாற்றி மற்ற எதையும் தொடாமல் விட்டது மாறிகளைக் கட்டுப்படுத்துதல். நலமாக ஓடும் வலப்பக்கச் சிலிண்டர், ஒப்பிடுவதற்கான கட்டுப்பாடு. நானும் பட்டறையும் ஒரே நேரத்தில் இரண்டு பிளக்கையும் மாற்றினோம். ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. அவர் புதிய பாகம் எதையும் வாங்கவில்லை. இருந்ததை இடம் மாற்றினார். விடை கிடைத்தது.

இதே முறை மற்றப் பாகங்களுக்கும் பொருந்தும். காயிலை இடம் மாற்றும்போது பழுது கூடவே போனால், காயில் கெட்டிருக்கிறது. எதை மாற்றினாலும் பழுது அதே சிலிண்டரில் நின்றால், கலவையையும் அமுக்கத்தையும் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடும்போது மட்டும் தூங்கி, வேகத்தில் விழித்துக்கொள்ளும் சிலிண்டர் என்றால், கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்கான நுண்துளை அடைத்திருக்கலாம். அழுத்தமானியால் இரண்டு சிலிண்டர்களையும் அளந்து, ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம்.

இன்றைய கார்களில் கணினி இருக்கிறதே என்பீர்கள். உண்மை. கிராங்க் தண்டின் வேகத்தை அது தொடர்ந்து அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாதபோது தண்டு கண நேரம் தளர்வதைக் கண்டுபிடித்து, 'பி0301' போன்ற குறியீட்டைப் பதிகிறது. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். ஆனால், 1ஆம் சிலிண்டர் எரியவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். பிளக்கா, காயிலா, பெட்ரோல் தெளிப்பானா என்று சொல்லாது. குறியீட்டைப் பார்த்தவுடன் பாகம் வாங்க ஓடுவது, நான் செய்த அதே தவறுதான். அங்கேயும் நல்ல மெக்கானிக்குகள் முதலில் செய்வது, காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பது. குறியீடு 'பி0302' என்று மாறினால், காயில்தான் காரணம்!

உங்கள் வீட்டுக் கப்சாய்க்கு

ஒற்றைச் சிலிண்டரில் ஒப்பிடப் பக்கத்துச் சிலிண்டர் இல்லையே? பக்கத்து வீடு இருக்கிறதே! அதே வகை மோட்டாரில் நன்றாக வேலை செய்யும் பிளக்கைச் சற்று நேரம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கழற்றிய பிளக்கின் நுனியையும் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எரிதல் நலம். கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பிடிக்கவில்லை. வெள்ளையாக வெந்திருந்தால் காற்று அதிகம் அல்லது மிகுந்த சூடு.

என் படிவம் 4 மாணவி ஒருத்தி அண்மையில் இப்படித்தான் ஒரு பழுதைப் பிடித்தாள். அவள் அப்பாவின் கப்சாய் பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மிஸ் ஆகி நிற்கும். கால் மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பும். பிளக்கை மாற்றியும் பயனில்லை. அவள் நேரத்தைக் குறித்துவைத்தாள். அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்தாள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. வண்டி உடனே கிளம்பியது. மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய, தொட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்க மறுத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்ததும் அவள் அப்பா மறுநாள் காலை நேரத்தோடு வேலைக்குப் போனார்.

கவனம்!

இன்ஜின் ஓடும்போது பிளக் கேப்பையோ அதன் கம்பியையோ தொடாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, ஒரு பொறியில் தீப்பிடிக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. அதனால் மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடக்கூடாது. புகைக்குழாயை விரலால் தொட்டுச் சோதிக்கவே வேண்டாம்; தண்ணீர்த் துளியே போதும். இவற்றைப் பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

மிஸ் ஆகும் வண்டியை 'ஓடும் வரை ஓடட்டும்' என்று விடவும் கூடாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். வினையூக்கி பொருத்திய புகைக்குழாயில் அது உள்ளே போய் எரிந்து, அந்த வினையூக்கியையே சூட்டால் கெடுக்கும். நடுச்சாலையில் வேகம் இழந்தால் என்ன ஆகும் என்பதை நான் அந்த லோரியின் முன்னால் கற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை வீட்டில் எது பழுதானாலும், மின்விசிறியோ கைவிளக்கோ, ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எப்போது நடக்கிறது? எப்போது நடக்கவில்லை? கடைசியாக எது மாறியது? பிறகு ஒன்றை, ஒன்றை மட்டும், மாற்றிப் பாருங்கள். அந்தப் பெரியவர் பள்ளியில் படித்தது ஆறாண்டுதான் என்று பிறகு அறிந்தேன். ஆனால் அன்று மாலை, அவர் வீட்டு வாசலில் மாணவனாக உட்கார்ந்திருந்தவன் நான்.